குனிந்து நுழையும் வாசல்



முதலில் ஒரு விடுகதை. "சாமானியன் வந்தாலும் தவழ்ந்துதான் வரணும், சக்கரவர்த்தி வந்தாலும் தவழ்ந்துதான் வரணும். கத்தியை வெளியே வைக்கணும். கர்வத்தையும் வெளியே வைக்கணும். அது என்ன வீடு?"

கோயிலா? இல்லை. சிறைச்சாலையா? அதுவும் இல்லை. யோசித்துக்கொண்டே வாருங்கள். விடை வழியில் கிடைக்கும்.

நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். ஊர், வேலூருக்குத் தெற்கே, ஜவ்வாது மலை அடிவாரத்தில் உள்ள கணியம்பாடி. எங்கள் ஊரிலிருந்து வடக்கே பஸ் ஏறினால் வேலூர்க் கோட்டை. மறுபக்கம் அமிர்தி வழியாகப் போனால் ஜவ்வாது மலைக்காடு தொடங்கிவிடும். கோட்டை, கருங்கல்லால் ஆனது. யானை நுழையும் அளவுக்கு வாசல் உள்ளது. மலையிலோ மண்ணும் மூங்கிலும் புல்லும் கொண்டு கட்டிய சின்னஞ்சிறு வீடுகள். மிகப் பெரியதும் மிகச் சிறியதுமான இரண்டு கட்டடங்களுக்கு நடுவில்தான் நான் பிறந்து வளர்ந்தேன்.

இதேபோல மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் கட்டி, இரண்டையும் ஒரே மதிப்போடு காப்பாற்றி வரும் நாடு ஒன்று உண்டு. அதுதான் ஜப்பான். இன்று நாம் வேலூர்க் கோட்டையில் புறப்பட்டு, ஜப்பான் போய், ஜவ்வாது மலைக்குத் திரும்பி வரப் போகிறோம். பஸ் கட்டணம் கிடையாது!

அதற்கு முன், நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஓவிய வகுப்பில் நடந்தது

1992ஆம் ஆண்டு. ஐந்தாம் வகுப்பு. "அவரவர் வீட்டைப் படமாக வரையுங்கள்" என்றேன். பிள்ளைகள் உற்சாகமாக வரைந்தார்கள். சிலர் ஓட்டு வீடு வரைந்தார்கள். சிலர் மெத்தை வீடு வரைந்தார்கள். மாடியும் கம்பிக் கதவும் வைத்து வரைந்தவர்களுக்கு நான் சிவப்பு மையில் பெரிதாக 'மிக நன்று' என்று எழுதினேன்.

மலைக் கிராமத்திலிருந்து வந்து, அடிவாரத்தில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்த மாணவன் ஒருவன் இருந்தான். அவனும் இரண்டு மாடி வீடு வரைந்திருந்தான். மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. பக்கத்தில் இருந்த பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், பொய் சார்! இவன் வீடு புல்லு வீடு சார். குனிஞ்சாதான் உள்ளேயே போக முடியும்!" என்று கத்தினான்.

வகுப்பே சிரித்தது. நானும் லேசாகச் சிரித்துவிட்டேன். அந்த மாணவன் ஒன்றும் பேசவில்லை. ரப்பரை எடுத்துப் படத்தை அழிக்க ஆரம்பித்தான். தாள் கிழியும்வரை அழித்தான்.

அவன் ஏன் பொய்யாக வரைந்தான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. மாடி வீட்டுக்கெல்லாம் 'மிக நன்று' போட்ட என் சிவப்பு மைதான் அவனுக்கு அந்தப் பொய்யைச் சொல்லிக் கொடுத்தது என்பது பிறகுதான் புரிந்தது.

அந்தப் படத்தை இங்கே நிறுத்திவைப்போம். இப்போது கோட்டைக்குப் போகலாம், வாருங்கள்.

நம்ம ஊர்க் கோட்டை

வேலூர்க் கோட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? விஜயநகரப் பேரரசின் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், சின்ன பொம்மி நாயக்கர் கட்டியது. பரப்பளவு சுமார் 133 ஏக்கர். சுற்றிலும் அகழி. அகழியில் முதலைகள் விடப்பட்டிருந்தன என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கதை சொல்வார்கள். உள்ளே ஜலகண்டேசுவரர் கோயில், அதன் கல்யாண மண்டபத்தில் கண்ணைப் பறிக்கும் சிற்பங்கள். மசூதியும் தேவாலயமும்கூட அதே கோட்டைக்குள் உண்டு.

கோட்டையை ஏன் கருங்கல்லில் கட்டினார்கள்? சுற்றிப் பாருங்கள், விடை தெரியும். வேலூரைச் சுற்றி எங்கு திரும்பினாலும் பாறைக் குன்றுகள்தான்! பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதைக் கொண்டு கட்டுவதுதான் பழங்காலத்துக் கட்டடக்கலையின் முதல் பாடம். இந்தப் பாடத்தை மறந்துவிடாதீர்கள். நாம் போகும் எல்லா இடத்திலும் இது திரும்ப வரும்.

கோட்டை எதற்காக? வெளியில் இருப்பவரை உள்ளே விடாமல் இருப்பதற்காக. ஆனால் வேலூர்க் கோட்டை, உள்ளே இருந்தவரை வெளியே விடாமலும் வைத்திருந்தது. திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்த பிறகு அவருடைய குடும்பத்தினரை ஆங்கிலேயர் இங்கேதான் காவலில் வைத்தார்கள். இலங்கைக் கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் இங்கே சிறைவைக்கப்பட்டு, 1832இல் இங்கேயே காலமானார். 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி ஆங்கிலேயரை எதிர்த்து இந்திய வீரர்கள் புரட்சி செய்ததும் இதே மதிலுக்குள்தான்.

உயர்ந்த மதில், ஆழமான அகழி, பெரிய கதவு. "நான் பெரியவன், நீ பயப்படு!" என்று சொல்வதுதான் கோட்டையின் வேலை. உலகம் முழுவதும் கோட்டைகளின் பேச்சு இதுதான்.

வெள்ளைக் கொக்குக் கோட்டை

இப்போது கடல் தாண்டி ஜப்பானுக்குப் போவோம். அங்கே ஹிமேஜி என்ற ஊரில் ஒரு கோட்டை இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் இறக்கை விரித்துப் பறக்கத் தயாராகும் வெண்கொக்கு போல இருக்கும். அதனால் அதற்கு 'வெண்கொக்குக் கோட்டை' என்றே பெயர்.

இன்று நாம் பார்க்கும் பெரிய கோபுரம் 1609இல் கட்டி முடிக்கப்பட்டது. கட்டியவர் இகேதா தெருமாசா என்ற சிற்றரசர். கல்லால் ஆன அடித்தளத்தையும் சேர்த்து உயரம் சுமார் 46 மீட்டர். வெளியிலிருந்து எண்ணினால் ஐந்து அடுக்குதான் தெரியும். உள்ளே போய் எண்ணினால் ஆறு மாடியும் ஒரு நிலவறையும் இருக்கும். எதிரியை ஏமாற்ற ஒரு கணக்கு!

நம் வேலூர்க் கோட்டைக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஹிமேஜியில் கல் என்பது அடித்தளம் மட்டும்தான். அதற்கு மேல் முழுவதும் மரம்! கோபுரத்தின் எடையை அடியிலிருந்து உச்சிவரை நிற்கும் இரண்டு பெரிய மரத் தூண்கள் தாங்குகின்றன. ஜப்பானில் மலையெல்லாம் காடு. மரத்துக்குப் பஞ்சமில்லை. அடிக்கடி பூகம்பம் வரும் நாடு அது. சரியாகப் பூட்டிய மரச் சட்டம், ஆட்டினால் வளைந்து கொடுத்துப் பிறகு நிமிரும்.

"மரம் என்றால் தீப்பிடிக்குமே?" என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. அதற்காகத்தான் சுவர் முழுவதும் வெள்ளைச் சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். கொக்கின் வெள்ளை நிறம் அழகுக்காக மட்டும் அல்ல, தீத் தடுப்புக்காகவும்தான்!

மதில் சுவர்களில் வட்டம், முக்கோணம், சதுரம், செவ்வகம் என்று பல வடிவத்தில் துளைகள் இருக்கும். உங்கள் கணக்குப் புத்தகத்தை யாரோ சுவரில் ஒட்டியதுபோலத் தோன்றும். அவை அம்பு எய்யவும் துப்பாக்கி சுடவும் வைத்த துளைகள். கோபுரத்துக்குப் போகும் பாதையும் நேராகப் போகாது. வளைந்து வளைந்து, சில இடத்தில் திரும்பிப் போவதுபோல ஏமாற்றி, வாசல் மேல் வாசலாக வரும். படையெடுத்து வந்தவன் வழி தெரியாமல் திணறுவான். மேலே இருப்பவன் நிதானமாகக் குறி பார்ப்பான்.

இவ்வளவு பெரிய கோட்டையில் எனக்கு மிகவும் பிடித்தது எது தெரியுமா? ஒரு பாட்டியின் எந்திரக்கல்!

ஆமாம், மாவு அரைக்கும் கல்தான். ஹிமேஜியில் முன்பு ஒரு கோட்டையை ஹிதேயோஷி என்ற தளபதி கட்டியபோது அடித்தளத்துக்குக் கல் போதவில்லையாம். அரிசிப் பலகாரம் விற்றுப் பிழைத்த ஒரு ஏழைப் பாட்டி, "என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்" என்று தன் எந்திரக்கல்லையே கொடுத்துவிட்டாளாம். அதைக் கேட்டு ஊர் மக்கள் எல்லாரும் வீட்டில் இருந்த கல்லை எல்லாம் கொண்டுவந்து குவித்தார்களாம். இது அந்த ஊர் மக்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. பாட்டியின் கல் என்று ஒரு கல்லைச் சுவரில் இன்றும் காட்டுகிறார்கள். மேலே கம்பி வலை போட்டுப் பாதுகாக்கிறார்கள்.

1945இல், இரண்டாம் உலகப் போரின்போது, ஹிமேஜி நகரம் குண்டுவீச்சில் எரிந்தது. கோட்டையின் மீதும் ஒரு தீக்குண்டு விழுந்தது. ஆனால் அது வெடிக்கவில்லை! சுற்றிலும் ஊர் சாம்பலான பிறகும் கோட்டை மட்டும் நின்றது. 1993இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2009இல் தொடங்கிய பெரிய சீரமைப்பு 2015இல் முடிந்து, கொக்கு மறுபடியும் வெள்ளை வெளேர் என்று ஆனது.

தெரியுமா உங்களுக்கு?

கியோட்டோ நகரில் நிஜோ என்ற அரண்மனைக் கோட்டை உள்ளது. 1603இல் கட்டப்பட்டது. அதன் நடைகூடத்தில் நீங்கள் எவ்வளவு மெதுவாக அடி வைத்தாலும் தரை குருவிபோல 'கீச் கீச்' என்று சத்தம் போடும்! பலகைகளுக்கு அடியில் உள்ள இரும்புப் பிடிகளும் ஆணிகளும் உரசுவதால் வரும் ஒலி அது. திருட்டுத்தனமாக வரும் எதிரியைக் காட்டிக் கொடுக்கும் தரை என்று சொல்வார்கள்.

இன்னொன்று. நாரா நகரில் உள்ள தோதைஜி கோயிலின் மாபெரும் புத்தர் சிலைக்கு 752இல் 'கண் திறக்கும்' சடங்கை நடத்தியவர் ஜப்பானியர் அல்லர். நம் நாட்டிலிருந்து கடல் கடந்து போன போதிசேனர் என்ற துறவி! அவர் மதுரையைச் சேர்ந்தவர் என்று சொல்வதும் உண்டு.

புதிதாகிக்கொண்டே இருக்கும் பழைய கோயில்

கல் நிலைக்கும், மரம் உளுத்துப் போகும். அப்படித்தானே நினைக்கிறோம்? ஜப்பானில் ஹோர்யூஜி என்ற புத்த கோயில் இருக்கிறது. உலகத்தில் இன்று நிற்கும் மரக் கட்டடங்களிலேயே மிகப் பழமையானவை அங்கேதான் உள்ளன. அங்குள்ள ஐந்து அடுக்குக் கோபுரம் சுமார் 1300 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. அதன் நடுத் தூணின் வளையங்களை ஆராய்ந்தபோது, அந்த மரம் 594இல் வெட்டப்பட்டது என்று தெரிந்தது. நம்ம மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைவிட வயதான மரம்!

இது எப்படிச் சாத்தியம்? மரத்தை மரத்தோடு கோத்துப் பூட்டும் தச்சு வேலை ஒரு காரணம். ஒரு கட்டையின் நாக்கு இன்னொரு கட்டையின் துளைக்குள் போய் உட்காரும். நம்ம ஊர்த் தச்சர் கதவு நிலைக்குச் 'செருகு' வைப்பது போலத்தான். உளுத்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் புது மரத்தைப் பொருத்திவிடலாம். தலைமுறை தலைமுறையாக அப்படிச் செய்து வந்திருக்கிறார்கள்.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று சொல்கிறேன். இஸே என்ற ஊரில் ஜப்பானியரின் மிகப் புனிதமான கோயில் உள்ளது. அதை இருபது ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் புதிதாகக் கட்டுகிறார்கள்! பக்கத்திலேயே அதே அளவில் ஒரு காலி மனை இருக்கும். அங்கே அதே அளவு, அதே மரம், அதே முறையில் புதுக் கோயில் எழும். பிறகு பழையதைப் பிரித்துவிடுவார்கள். இந்த வழக்கம் 690இல் தொடங்கியது. போர்க் காலத்தில் இடையிடையே தடைபட்டாலும், 2013இல் 62ஆவது முறையாகக் கட்டி முடித்தார்கள். அடுத்தது 2033இல்.

"ஏன் இந்த வீண் வேலை?" என்று தோன்றுகிறதா? யோசித்துப் பாருங்கள். இருபது வயதில் எடுபிடியாக வேலை பார்த்த இளைஞன், நாற்பது வயதில் தச்சனாக வேலை செய்வான். அறுபது வயதில் தலைமைத் தச்சனாக நின்று அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுப்பான். கட்டடம் இருபது ஆண்டுதான் இருக்கும். ஆனால் கைத்தொழில் ஆயிரம் ஆண்டு தாண்டியும் சாகாமல் இருக்கிறது!

அந்தக் கோயிலின் வடிவம் எதிலிருந்து வந்தது தெரியுமா? பழங்கால ஜப்பானிய உழவர்கள் நெல்லைச் சேமிக்கத் தூண்கள்மேல் உயர்த்திக் கட்டிய களஞ்சியத்திலிருந்து! கூரையும் புல் வேய்ந்ததுதான். நாட்டின் மிகப் புனிதமான கோயில், ஓர் உழவன் வீட்டுத் தானியக் கூட்டின் சாயலில் நிற்கிறது.

பாயால் அளக்கும் வீடு

பாரம்பரிய ஜப்பானிய வீடு எப்படி இருக்கும்? படித்தால் "அட, நம்ம ஊர் மாதிரியே இருக்கே!" என்பீர்கள். செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும். வீட்டின் ஓரமாக, தாழ்வாரத்துக்குக் கீழே, பலகையில் ஒரு திண்ணை ஓடும். அதற்கு 'எங்காவா' என்று பெயர். அங்கே உட்கார்ந்து மழையைப் பார்க்கலாம், பக்கத்து வீட்டாரோடு பேசலாம்.

உள்ளே தரையில் 'ததாமி' என்ற கெட்டியான பாய். உள்ளே வைக்கோல்; மேலே கோரையால் நெய்த விரிப்பு. ஒரு பாய் ஏறக்குறைய ஆறடி நீளம், மூன்றடி அகலம். அதாவது ஒரு மனிதர் படுக்கும் அளவு. அறையின் அளவை "நாலரைப் பாய் அறை", "ஆறு பாய் அறை" என்றுதான் சொல்வார்கள். மனிதனின் உடம்புதான் அங்கே அளவுகோல்! அறைகளுக்கு நடுவே செங்கல் சுவர் இல்லை; மரச் சட்டத்தில் காகிதம் ஒட்டிய நகரும் கதவுகள். வெளிச்சம் அதன் வழியாகப் பால்போல வடிந்து உள்ளே வரும்.

கோட்டையைப் பார்த்தோம், கோயிலைப் பார்த்தோம், வீட்டைப் பார்த்தோம். இனி எல்லாவற்றிலும் சிறியதைப் பார்ப்போம். விடுகதைக்கு விடையும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு பாய் அளவில் ஓர் உலகம்

பாட்டியின் எந்திரக்கல் கதையில் ஹிதேயோஷி என்று ஒரு தளபதி வந்தாரே, நினைவிருக்கிறதா? சாதாரணக் குடும்பத்தில் பிறந்து, பின்னாளில் ஜப்பான் முழுவதையும் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தவர் அவர். ஒசாகாவில் பிரமாண்டமான கோட்டை கட்டினார். தேநீர் குடிக்க ஓர் அறை செய்தார். சுவர் தங்கம், கூரை தங்கம், பாத்திரமும் தங்கம்! பிரித்து எடுத்துக்கொண்டு போய் வேறு இடத்தில் பூட்டிக்கொள்ளவும் முடியும்.

அவரிடம் தேநீர் ஆசானாக இருந்தவர் சென் நோ ரிக்யூ. 1522இல் பிறந்தவர். அந்த நாட்டில் விருந்தினருக்குத் தேநீர் கொடுப்பது ஒரு கலை. அந்தக் கலையின் மாபெரும் குரு அவர். கியோட்டோவுக்கு அருகே யமாசாகி என்ற ஊரில் 'தையன்' என்ற தேநீர் அறை இருக்கிறது. அதை அமைத்தவர் ரிக்யூ என்று சொல்கிறார்கள். இன்று அது ஜப்பானின் தேசியப் பொக்கிஷம்.

அந்த அறை எவ்வளவு பெரிது தெரியுமா? இரண்டே இரண்டு பாய்! நான்கு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். சுவரில் தங்கம் இல்லை. வைக்கோல் கலந்த மண்பூச்சு. வைக்கோல் துணுக்குகள் வெளியே தெரியும், மறைக்கவே இல்லை. மூங்கில் பிளாச்சுப் பின்னலின் மேல் மண் அப்பிய சுவர் அது. சன்னல் வேண்டிய இடத்தில் மண்ணை அப்பாமல் விட்டுவிட்டார்கள். மூங்கில் பின்னலே சன்னல் கம்பி ஆகிவிட்டது!

வாசல்? அதுதான் நம் விடுகதை. சுமார் இரண்டரை அடி உயரம்தான். 'நிஜிரிகுச்சி' என்று பெயர். தவழ்ந்து நுழையும் வாய் என்று பொருள் சொல்லலாம். இடுப்பில் நீண்ட வாளோடு சாமுராய் வீரன் வந்தால் அதன் வழியே நுழைய முடியாது. வாளை வெளியே வைத்துவிட்டு, தலையைத் தாழ்த்தி, முழங்காலால் நகர்ந்துதான் வர வேண்டும். வியாபாரி வந்தாலும் அதே வாசல். ஹிதேயோஷியே வந்தாலும் அதே வாசல். உள்ளே வந்த பிறகு உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்பது கிடையாது. எல்லாரும் விருந்தினர்.

கோட்டை வாசல் "நான் பெரியவன்" என்றது. இந்தத் தேநீர் அறை வாசல் "நாம் எல்லாரும் ஒன்று" என்கிறது. ஒரு கதவின் உயரத்தைக் குறைத்தே இவ்வளவு பெரிய பேச்சைப் பேசிவிட்டார்கள்!

ஹிதேயோஷிக்குப் பின்னாளில் ரிக்யூ மீது கோபம் வந்தது. அவருடைய ஆணையால் 1591இல் ரிக்யூ உயிரையே விட நேர்ந்தது. நானூறு ஆண்டுக்கு மேல் கழிந்துவிட்டது. ஹிதேயோஷியின் அசல் தங்க அறை இன்று இல்லை. அதன் மாதிரியைத்தான் செய்து காட்டுகிறார்கள். அந்த மண் சுவர் அறையோ இன்னும் நிற்கிறது.

மலை வீட்டு வாசல்

ஓய்வு பெற்ற பிறகு, ஒரு புத்தகத்தில் இந்தத் தேநீர் அறையின் படத்தை முதன்முதலாகப் பார்த்தேன். பார்த்ததும் திடுக்கிட்டேன். மூங்கில் பின்னல், மண் சுவர், தாழ்ந்த வாசல்... இந்த வீட்டுக்குள் நான் போயிருக்கிறேனே! ஆமாம், 1992இல், ஜவ்வாது மலையில்.

தாள் கிழியும்வரை படத்தை அழித்தானே ஒரு மாணவன், அவன் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. மனம் கேட்காமல், சனிக்கிழமை மலை ஏறினேன். அங்கே வாழ்பவர்கள் மலையாளி என்ற பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். இவர்கள் தமிழ் பேசுபவர்கள்; மலையை ஆள்பவர்கள் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள்.

வீட்டைக் கண்டுபிடித்து அவசரமாக நுழைந்தேன். 'டொங்' என்று நெற்றியில் நிலை இடித்தது. உள்ளேயிருந்து மாணவனின் பாட்டி சிரித்தபடி, "தல பத்திரம் வாத்தியாரே! எங்க வாசல்ல குனிஞ்சிதான் வரணும்" என்றார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே குனிந்து நுழைந்தேன். பாய் விரித்து உட்கார வைத்து, சாமைச் சோறு போட்டார்கள்.

வாசல் ஏன் இவ்வளவு தாழ்வு என்று கேட்டேன். மாணவன்தான் பதில் சொன்னான். வகுப்பில் வாய் திறக்காத பையன், அன்று எனக்கு வாத்தியார் ஆகிவிட்டான்!

"கூரையை இறக்கிப் போட்டாதான் சார் காத்து தூக்காது. மழை சுவத்துல அடிக்காது. வாசல் சின்னதா இருந்தா மார்கழிக் குளிர் உள்ளே வராது" என்றான். மூங்கிலை எப்போது வெட்டினால் பூச்சி அரிக்காது, பிளாச்சு எந்தப் பக்கம் வளையும், புல்லைக் கீழிருந்து மேலாக எப்படி வேய வேண்டும், எந்த மண்ணில் வெடிப்பு வராது என்று எல்லாம் சொன்னான். வீட்டுக்குப் பக்கத்தில் கற்களின் மேல் ஒரு தொம்பை நின்றது. மூங்கிலால் முடைந்து சாணம் மெழுகிய தானியக் கூடு. "ஏன் கல்லு மேல வச்சிருக்கு?" என்றேன். "ஈரம் ஏறாது, எலி ஏறாது சார்" என்றான். கூரைப் புல்லைச் சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும்போது ஊரே கூடும் என்றும், தன் தாத்தா வேய்வதைப் பார்த்து அப்பாவும், அப்பாவைப் பார்த்துத் தானும் கற்றுக்கொண்டதாகவும் சொன்னான்.

இஸே கோயிலில் நடப்பது இதுதானே, செல்வங்களே! பக்கத்தில் கிடைப்பதைக் கொண்டு கட்டுவது, கைத்தொழிலைக் கையிலிருந்து கைக்குக் கொடுப்பது. அன்று எனக்கு இஸே தெரியாது. ஆனால் என் சிவப்பு மை தவறு செய்துவிட்டது என்பது மட்டும் தெரிந்தது.

திங்கட்கிழமை அவன் மூங்கில் பிளாச்சுகளோடு பள்ளிக்கு வந்தான். வகுப்பு முழுவதும் மரத்தடியில் உட்கார்ந்து, அவன் சொல்லச் சொல்ல, முழ நீளச் சுவர் ஒன்றைப் பின்னி மண் அப்பினோம். சிரித்த பையன்தான் மண் மிதித்தான்! "உன் பின்னல் மட்டும் எப்படிடா நழுவாம நிக்குது?" என்று அவனே கேட்டான். அந்தச் சுவருக்கு நான் மதிப்பெண் போடவில்லை. அந்த வாரம் மதிப்பெண் வாங்க வேண்டியவன் நான், குறைவாகத்தான் வாங்கியிருப்பேன்.

உங்களுக்கு ஒரு வேலை

ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். புல் வீடு ஒழுகும், தீப்பிடிக்கும், பாம்பு, தேள் வரும். மலை மக்கள் உறுதியான வீடு கேட்பதில் தவறே இல்லை. மலையிலும் இன்று கான்கிரீட் வீடுகள் பெருகிவிட்டன. பிள்ளைகள் நனையாமல் தூங்குகிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் புல் வேயத் தெரிந்த தாத்தாக்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். வீடு மாறலாம், வித்தை போய்விடக் கூடாது.

2020இல் யுனெஸ்கோ ஜப்பானுக்கு ஒரு சிறப்புச் செய்தது. இந்த முறை கோட்டைக்கோ கோயிலுக்கோ அல்ல. மரக் கட்டடங்களைப் பேணும் தச்சர், கூரை வேய்பவர், சுவர் பூசுபவர் ஆகியோரின் கைத்திறனையே மனித குலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம் வீட்டுப் பெரியவர்களின் கைத்திறனை அப்படி மதிக்க, யுனெஸ்கோ வரும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா?

இந்த விடுமுறையில் ஒரு நோட்டும் ஓர் அளவு நாடாவும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தாத்தா பாட்டி வாழ்ந்த பழைய வீட்டுக்குப் போங்கள். வாசலின் உயரம் என்ன? சுவர் எதனால் ஆனது? அந்த மண்ணோ கல்லோ மரமோ எங்கிருந்து வந்தது? கட்டியவர் யார்? கேட்டு எழுதுங்கள். பக்கத்தில் படமும் வரையுங்கள். வேலூர்ப் பக்கம் வந்தால் கோட்டை மதிலையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

படம் வரையும்போது மட்டும் ஒன்றை நினைவில் வையுங்கள். உங்கள் வீடு எப்படி இருக்கிறதோ அப்படியே வரையுங்கள். மாடி இல்லையென்றால் மாடி வேண்டாம். வாசல் சின்னதாக இருந்தால் சின்னதாகவே வரையுங்கள். அதைப் பார்த்து யாராவது சிரித்தால், குனிந்து நுழையும் வாசலின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

சொல்வீர்கள்தானே?